கோல்டு பேக்கேஜில் ஒரு தாய்மாமன்

தேவிகுளத்தை ஒட்டிய எஸ்டேட்டில் மூட்டம் இறங்கினால் சட்டையைக் கழற்றி அதன்மேலேயே தொங்கப்போடலாம், அவ்வளவு கெட்டி. லயத்து வீடுகளோ வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒரே அச்சில் வார்த்தவை. கதவும் சன்னலும் புகைக்கூண்டும் ஒன்றுபோல இருக்கும். அந்த மூட்டத்திலும் மொக்கையன் தன் வீட்டைத் தவறவிட்டதில்லை. வாசலில் கிடக்கும் துவைக்கிற கல்லில் கால் இடித்தால் அது அவர் பெண்டாட்டி குருவம்மாள் வீடு, அதாவது அவர் வீடு. நாய் குரைத்தால் பக்கத்து வீடு. இதில் குழம்ப என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட மனிதர் பட்டப்பகலில், கண் கூசும் வெளிச்சத்தில், மலைக்குக் கீழே மாநில எல்லையோரத்துக் கோபாலபுரத்துக் கல்யாண மண்டபத்தில் தொலைந்துபோனார் என்றால் லயத்தில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. அவருக்கே அதில் பாதி நம்பிக்கைதான்.

மொக்கையன் தேயிலை பேக்டரியில் சல்லடை ஓட்டுகிறவர். எந்தச் சரிவில் எந்தப் பெண் கிள்ளிய கொழுந்தானாலும் சரி, மெஷினுக்குள் போய் வெளியே வந்தால் எல்லாம் ஒரே கறுப்புக் குருணை. கொழுந்து கொண்டுவந்தவளைக் கூப்பிட்டு உன்னுடையது எது என்று கேட்டால் விழிப்பாள். தேயிலை அப்படித்தான் இருக்கவேண்டும், டீ குடிக்கிறவன் ஊரா கேட்கிறான் என்பது அவர் கட்சி. கல்யாணத்துக்கும் அப்படி ஒரு மெஷின் வரும் என்று அவர் நினைத்துப் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே தங்கை முருகேஸ்வரி. மலையிலிருந்து கோபாலபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவளுக்கு ஒரே மகள் கற்பகம். அந்தப் பிள்ளையின் காதுகுத்துக்கு மொக்கையன்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடி கொடுத்தார். ஆசாரி கம்பியை எடுத்ததும் பிள்ளை அழும் என்று எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். பிள்ளை அழவில்லை. மாமனின் வலது கட்டைவிரலைப் பிடித்துக் கடித்தது. ஆசாரி இரண்டு காதையும் குத்தி, வெற்றிலை போட்டு, துப்பியும் முடித்த பிறகுதான் விட்டது. அலறியது மொக்கையன்தான். பக்கத்துத் தோப்பில் இரண்டு தேங்காய் விழுந்ததாகச் சொல்வார்கள்.

அன்றிலிருந்து அது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. மாமன் ஊருக்கு வந்தால் பிள்ளை ஓடிவந்து சட்டைப்பையில் கைவிட்டு ஏலக்காயை எடுக்கும். பிறகு கட்டைவிரலைப் பிடித்து மெல்ல ஒரு கடி. கல்லூரிக்குப் போன பிறகும் விடவில்லை. கடித்தால்தான் மாமன் வந்ததாகக் கணக்கு.

அந்தக் கற்பகத்துக்குத்தான் கல்யாணம். அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன் மாலை கழுத்தில் விழாமல் பெண் மனையில் உட்காரக் கூடாது. குருவம்மாள் பச்சை ஏலக்காயாகப் பொறுக்கி, ஊசியில் கோத்துக் கோத்து, தொப்புள் வரை தொங்கும் மாலை ஒன்று கட்டினாள். அவள் ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்த்தவள், பொறுக்குவதற்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாலை பாதி வளர்ந்திருந்தபோது முருகேஸ்வரி போன் செய்தாள்.

“அண்ணே, மாலை கொண்டாராதீங்க. எல்லாம் பேக்கேஜ்லயே வருது.”

“எதுல வருது?”

“கோல்டு பேக்கேஜுண்ணே. கல்யாணக் கம்பெனி. பந்தல், பூ, சோறு, மேக்கப்பு, மாமன் மாலை, எல்லாம் அவங்களே. இந்தப் பக்கம் எல்லா ஊட்லயும் இதுதானுங்க. நாம மட்டும் பழசா செஞ்சா மாப்ளை ஊட்ல என்ன நெனப்பாங்க?” முருகேஸ்வரி பேச்சில் பாதி மலை, பாதி கோபாலபுரம்.

“மாலை பேக்கேஜ்ல வருதுன்னா, மாமன் நா எதுக்கு? என்னையவும் அவங்களே கொண்டாருவாகளா?”

விளையாட்டாகத்தான் கேட்டார். முருகேஸ்வரி சிரிக்கவில்லை. அதை அவர் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தார்.

மாலையை நனைத்த துணியில் சுற்றி, பைக்குள் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு கிளம்பினார். குருவம்மாளுக்குச் சரிவில் கால் பிசகியிருந்ததால் அவர் மட்டும்தான். மறையூர் வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப வாசனையும் திரும்பியது. வாந்தியெடுக்கவே பிறந்தவர்கள்கூட அன்றைக்கு வாயை மூடி மூக்கைத் திறந்துகொண்டு வந்தார்கள். உடுமலையில் ஏறிய ஒருவர் பஸ்ஸில் யாரோ பாயசம் வைத்திருக்கிறார்கள் என்று டம்ளரோடு தேடினார். கோபாலபுரம் செக்போஸ்ட்டில் நின்றபோது அங்கிருந்தவர் பையை மோந்து பார்த்துவிட்டு, திறக்கச் சொல்லாமலே, “கல்யாணத்துக்கோ? போய்க்கோ” என்றார்.

மண்டபத்தைப் பார்த்ததும் மொக்கையனுக்கு முதல் குழப்பம். ஒரே கட்டிடத்தில் மூன்று கூடம். மூன்று வாசலிலும் ஒரே வளைவு, ஒரே காகிதப் பூ, ஒரே வெள்ளை யானை பொம்மை. மூன்றிலும் ஒரே பாட்டு, ஒரே நேரத்தில் ஒரே வரி. வரவேற்கிற பெண்கள் எல்லாரும் ரோஜாவும் இல்லாமல் சந்தனமும் இல்லாமல் நடுவில் நின்றுபோன ஒரு நிறத்தில் சேலை கட்டியிருந்தார்கள். பன்னீர் தெளித்தவளிடம், “முருகேஸ்வரி எங்கத்தா?” என்று கேட்டார். “வெல்கம் அங்கிள்” என்றாள். அடுத்தவளிடம் கேட்டார். அவளும் “வெல்கம் அங்கிள்” என்றாள். ஒருத்தியிடமே இரண்டு தடவை கேட்டோமா, இரண்டு பேரிடம் ஒரு தடவை கேட்டோமா என்பது அவருக்கு விளங்கவில்லை.

அதற்குள் காதில் ஒயரும் கையில் போனுமாக ஒருவன் வந்தான். கௌசிக் என்று பெயர். கம்பெனியின் மேனேஜர்.

“தாய்மாமனுங்களா? சூப்பர். பின்னால வாங்க அங்கிள், டிரஸ் மாத்தணும்.”

“நா பட்டு வேட்டிதானப்பா கட்டியிருக்கேன்?”

“தீம் கலர் வேணும் அங்கிள். மாமன் என்ட்ரி இருக்குது. ஹைலைட்டே நீங்கதான்.”

பின்பக்க அறையில் அவருக்குப் பளபளவென்று ஒரு சட்டை, தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி. கண்ணாடியில் பார்த்தார். யாரோ நின்றிருந்தார். வணக்கம் சொல்லப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலியில் அதே சட்டை, அதே தலைப்பாகை, அதே கறுப்புக் கண்ணாடியோடு இன்னொருவர் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். பெயர் பாண்டீஸ்வரன் என்றார்.

“நீங்களும் மாமனா?” என்று கேட்டார் மொக்கையன்.

“ஆமாங்க, இன்னைக்கு மாமன். போன வாரம் வேலந்தாவளத்துல பெரியப்பா” என்றார் பாண்டீஸ்வரன் வடையை மென்றுகொண்டே.

இதற்கு என்ன பொருள் என்று மொக்கையன் யோசித்து முடிப்பதற்குள், “மாமன் ரெடியா? பொண்ணு ஸ்டேஜ்ல!” என்று குரல் வந்தது. இரண்டு கை வந்து அவரைப் பிடித்தது. செண்டை முழங்கியது. கதவு திறந்தது. புகை மெஷின் ஒரு மலையளவு புகையைக் கக்கியது. தேவிகுளத்து மூட்டம் என்றால் அவருக்குக் காலே வழி சொல்லும். இந்த மூட்டத்தில் துவைக்கிற கல்லுமில்லை, நாயுமில்லை. கறுப்புக் கண்ணாடி வேறு. “டான்ஸ் ஸ்டெப் அங்கிள், டான்ஸ் ஸ்டெப்!” என்று யாரோ கத்தினார்கள். மொக்கையன் வாழ்நாளில் ஆடியதில்லை. அட்டை கடித்தால் காலை உதறுவாரே, அதைச் செய்தார். கூடமே கைதட்டியது.

மேடையில் பெண் நின்றாள். முகத்தில் மேக்கப் ஒரு வாசல் தெளித்த சாணம்போல நிரவியிருந்தது. கற்பகத்தின் இடது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. தேடினார். தழும்பும் இல்லை, புருவமும் அவள் புருவமில்லை. மெஷினில் விழுந்து வந்த கொழுந்து, இதில் எதைத் தேடுவது என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். இதுவரை கையை விட்டு இறக்காத பையிலிருந்து ஏலக்காய் மாலையை எடுத்துப் போட்டார். கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. காதுகுத்தும், அந்த மடியும், அந்தக் கடியும் நினைவுக்கு வர, வலது கட்டைவிரலை நீட்டினார்.

“இந்தா தாயி.”

பெண் விரலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, பிஷப்பின் மோதிரத்துக்கு முத்தம் கொடுப்பதுபோலப் பக்தியாக ஒரு முத்தம் கொடுத்தாள்.

மொக்கையன் விரலை மடக்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றினார். பெண்ணின் கழுத்தில் ஏலக்காய்களுக்கு நடுவே ஒரு சிலுவை மின்னியது. பின்னாலிருந்த திரையில் ‘நிமி – ஜோமோன்’ என்று பெரிய எழுத்து.

அவர் வாயைத் திறப்பதற்குள் பெண்ணின் தகப்பனார் மிக்கேல் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ஏனுங்க, பிரமாதமுங்க! பொண்ணுக்குத் தாய் வழியில யாருமில்லீன்னு கம்பெனியில மாமனுக்குச் சொல்லி வெச்சனுங்க. ஆனா இப்படி அழுவீங்கன்னு நெனைக்கல. அச்சு அசல் மாமனாட்டவே இருந்துச்சுங்க.”

“நா மாமந்தாங்க” என்றார் மொக்கையன்.

“பார்றா! இன்னும் அப்படியே பேசறாரு!” என்று மிக்கேல் அவர் முதுகில் தட்டினார்.

அப்போது நிமி மாலையைக் கையால் தூக்கி மோந்தாள். பசை ஒட்டிய இமைகள் இரண்டும் மூடிக்கொண்டன.

“அப்பா, அம்மா வாசனை” என்றாள்.

மிக்கேல் மொக்கையனிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “இவ அம்மா கத்தரீனா, கல்யாணத்துக்கு முன்னால ஏலக்கா ஸ்டோர்ல இருந்தவளுங்க. போன வருசம் தவறிட்டா. இதெல்லாம் கம்பெனிக்கு எப்படித்தான் தெரிஞ்சுதோ, மாலையைக்கூட அதுலயே பண்ணியிருக்காங்க பாருங்க.”

மாலையைத் திருப்பிக் கேட்கத்தான் மொக்கையன் வாயைத் திறந்தார். வந்தது வேறு. “நல்லாயிரு தாயி” என்று சொல்லிவிட்டு, வந்த புகையிலேயே வெளியேறினார்.

வெளியே ஒரே மாதிரி நடைபாதை, ஒரே மாதிரி கதவுகள். எது தங்கை மகள் கதவு? ஒன்றைத் திறந்தார். அது சமையல்கட்டு. இன்னொன்றைத் திறந்தார். வெள்ளை யானைகள் அடுக்கிவைத்திருந்தன. கற்பகம் எங்கோ மாமன் வரவில்லை என்று நின்றுகொண்டிருப்பாள். மாமன் கையில் மாலையும் இல்லை. மாலை இல்லாத மாமன் மாமனா, நடிக்க வந்தவனா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? கையை மோந்து பார்த்தார். ஏலக்காய் வாசனை இருந்தது. கொஞ்சம் தெம்பு வந்தது.

கைகழுவும் இடத்தில் அவரே நின்று கட்டைவிரலைத் தண்ணீரில் காட்டிக்கொண்டிருந்தார். அதாவது அதே சட்டை, அதே தலைப்பாகை. மொக்கையன் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். அந்த ஆள் திரும்பினால், பாண்டீஸ்வரன்.

“என்னங்க பொண்ணு அது! மாலையைப் போட்டுட்டுக் கையை எடுக்கறேன், புடிச்சுக் கடிச்சு வெச்சுருச்சுங்க! ஊசி போடணுமா என்னன்னு தெரியல.”

மொக்கையன் அவரைக் கட்டிக்கொண்டார். “எந்தக் கதவு? எந்தக் கதவுய்யா?”

“அந்த மூணாவது. அங்க போகாதீங்க, கடிக்கும்.”

மூன்றாவது கூடத்தில் கற்பகம் மனைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கழுத்தில் கம்பெனியின் வெள்ளை மாலை. முகம் நிமியின் முகமேதான். ஒரே கை பூசிய சாணம். மொக்கையன் மேடையேறி, சந்தேகத்தோடு, “கற்பகந்தானா?” என்றார்.

“என்ன மாமா, இப்பத்தான வந்துட்டுப் போனீங்க? நீங்க ஆடுனதப் பார்த்து மாப்ளையே அசந்துட்டாங்க.”

“அது நா இல்ல தாயி.”

கற்பகம் அவர் கையைப் பிடித்துக் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தாள். பல் தடம் இல்லை. “அய்யோ, அப்ப நான் யாரைக் கடிச்சேன்?”

முருகேஸ்வரி ஓடிவந்தாள். “அண்ணே! நீங்களா? அப்ப அவரு?” அவளுக்கும் முகம் வெளுத்தது, மேக்கப்பில் தெரியத்தான் இல்லை. வாழ்நாளில் ஆடாத அண்ணன் அழகாக ஆடியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று பிறகு சொன்னாள்.

கௌசிக் போனும் கையுமாக வந்தான். “அங்கிள், மாமன் சீன் முடிஞ்சுதுங்க. வீடியோல வந்துருச்சு. ஒரு கல்யாணத்துக்கு ஒரு மாமன்தான். அடுத்து தாலி. டைம் ஆச்சு.”

“வாடகை மாமன் மாலையில நான் உக்கார மாட்டேன்” என்று கற்பகம் வெள்ளை மாலையைக் கழற்றி அவன் கையிலேயே கொடுத்தாள். “நம்ம மாலை எங்க மாமா?”

மொக்கையன் சொன்னார். பாதி சொல்லும்போதே மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். “போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்கண்ணே, ஓடுங்க” என்றாள் முருகேஸ்வரி. ஓடினார். நிமியின் கூடத்துக் கதவை ஒரு விரற்கடை திறந்து பார்த்தார். உள்ளே போட்டோக்காரன், “மேடம், அந்தப் பச்சை மாலை தீம்ல இல்லை, கழட்டிருங்க” என்கிறான். நிமி இரண்டு கையாலும் மாலையைப் பொத்திக்கொண்டு மாட்டேன் என்று தலையாட்டுகிறாள். மொக்கையன் கதவைச் சாத்திவிட்டார்.

வெறுங்கையோடு வந்து மனைக்கு முன்னால் நின்றவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை. கை இருக்கிறது, கால் இருக்கிறது, மாலை இல்லை. காதுகுத்தின்போதும் கையில் ஒன்றும் இருந்ததில்லை என்பது எப்படியோ நினைவுக்கு வந்தது. சட்டென்று மனையில் போய் உட்கார்ந்து சம்மணம் போட்டார்.

“ஏறி உக்காரு தாயி.”

மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்தார். “ஏனுங்க, கல்பாத்தி அக்கிரகாரத்து அய்யமாரு ஊட்லதானுங்க பொண்ணை அப்பன் மடியில வெச்சுத் தாலி கட்டுவாங்க. இதென்னங்க மாமன் மடி? எந்த ஊரு வழக்கமுங்க?”

“அவுகளுக்கு அப்பன் மடி. இந்தப் பிள்ளைக்குக் காதுகுத்துலருந்தே மாமன் மடி. அன்னைக்கும் பொண்ணுதான், இன்னைக்கும் பொண்ணுதான். கொஞ்சம் கனம் கூடியிருக்கு, அம்புட்டுதான்.”

கற்பகம் சேலையும் நகையும் கம்பெனி பூட்டிய ஒட்டியாணமுமாக வந்து அந்த மடியில் உட்கார்ந்தாள். மொக்கையனின் முழங்கால் இரண்டும் போட்ட சத்தத்தில், மேளக்காரர் நேரம் வந்துவிட்டது என்று நினைத்துக் கெட்டிமேளத்தைத் தொடங்கிவிட்டார். கெட்டிமேளம் கேட்ட பிறகு எந்த மாப்பிள்ளை சும்மா நிற்பான்? கட்டிவிட்டான். மூன்றாவது முடிச்சு விழும்போது கற்பகம் மாமனின் கட்டைவிரலைப் பிடித்துக் கடித்தாள். உதட்டுச் சாயமும் பல்லுமாகப் பதிந்தது. அவர் அலறலை யாரும் கேட்கவில்லை, அவ்வளவு மேளம்.

லயத்துக்குத் திரும்பி வந்து எல்லாவற்றையும் சொன்னார். குருவம்மாள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் விரலில் தடம் மறைந்திருந்தது. “வீடியோ வரட்டும், பாரு” என்றார்.

வீடியோ போனில் வந்தது. கற்பகம் கல்யாணத்தில் மாமன் புகைக்குள்ளிருந்து வந்து அழகாக ஆடி, வெள்ளை மாலை போட்டார். அடுத்த காட்சி தாலி முடிந்து எல்லாரும் அட்சதை போடுவது. மடி கம்பெனியின் காட்சிகளில் இல்லாததால் கேமராக்காரர்கள் அந்த நேரம் சாப்பிடப் போயிருந்தார்களாம்.

“எங்க நீங்க?” என்றாள் குருவம்மாள்.

“அந்தா, அது நா இல்ல.”

“நீங்க இல்லாததத்தான் இவ்வளவு நேரமா பார்க்கேன். நீங்க எங்க?”

மிக்கேலும் கம்பெனியில் கேட்டு மொக்கையனின் நம்பரைத் தேடிப்பிடித்து, தன் வீட்டு வீடியோவை அனுப்பியிருந்தார். அதில் மொக்கையன் அட்டை உதறியபடி வந்து அழுதார். குருவம்மாள் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். நிமி மாலையை மோந்து பார்க்கும் இடம் வந்ததும் மறுபடி போடச் சொன்னாள்.

“எம் மாலை யாரு கழுத்துல இருக்கு?”

“அது ஒரு பிள்ளை. தாயில்லாப் பிள்ளை.”

“ம். கோத்தது வீணாப் போகல” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனவள், பாதியில் நின்று, “அப்ப நம்ம கற்பகத்துக்கு மாமன் யாரு, இந்தப் பிள்ளைக்கு மாமன் யாரு?” என்று கேட்டாள். மொக்கையன் தலைப்பாகை இல்லாத தலையைச் சொறிந்தார். நிமி ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்து, “மாமா, சாப்பிட்டீங்களா?” என்று கேட்கிறாள். நடிக்க வந்தவரிடம் யாராவது சாப்பாடு விசாரிப்பார்களா?

சில மாதம் கழித்து கௌசிக்கிடமிருந்து போன் வந்தது.

“அங்கிள், அந்த மடி ஐட்டம் எல்லாரும் கேக்கறாங்க. பிளாட்டினம் பேக்கேஜ்ல சேர்த்துட்டோம். கீழ மெத்தை போட்டுத் தர்றோம், முட்டி வலிக்காது. பாண்டீஸ்வரனை உக்கார வெச்சுப் பார்த்தோம், நேச்சுரலா இல்லை. அடுத்த மாசம் வேலந்தாவளத்துல ஒரு பொண்ணு, தாய்மாமன் கிடையாது. நீங்க வர்றீங்களா?”

மொக்கையன் போனைப் பொத்திக்கொண்டு விவரம் சொன்னார்.

“மடியக் கூடவா வாடகைக்கு விடுவாக?” என்றாள் குருவம்மாள்.

“அதான எனக்கும் புரியல. ஆனா அந்தப் பிள்ளைக்கு மாமன் இல்லையாம்.”

குருவம்மாள் ஊசியையும் நூலையும் வைத்திருக்கும் டப்பாவைப் பார்த்தாள். அவர் முழங்காலைப் பார்த்தாள். வெளியே மூட்டம் வாசல் கல் வரைக்கும் வந்துவிட்டிருந்தது.

“அது கடிக்கிற பிள்ளையா, முத்தம் குடுக்கிற பிள்ளையா? அதக் கேட்டீகளா?”

“அத எப்படித்தா கேக்க?” என்றார் மொக்கையன். போனில் கௌசிக், “ஹலோ அங்கிள், லைன்ல இருக்கீங்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.